மலையில் மிதிக்கும் கணக்கு வேறு

போடிநாயக்கனூரில் புறப்பட்டு, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை வரை ஐந்து நாள் சைக்கிளில் சென்று வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். மூணாறில் இரண்டு இரவுகள் தங்கி, இடையில் ஒரு நாள் டாப் ஸ்டேஷன் போய்த் திரும்பியதையும் சேர்த்தால் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். அதையொட்டி வந்த கடிதங்களில் இருந்த கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

ஐந்து நாளில் 220 கிலோமீட்டர்தானா, ஐயா? நான் சமவெளியில் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டியவன். போடியிலிருந்து மூணாறுக்கு 68 கிலோமீட்டர்தான் என்பதால், அதை ஒரே நாளில் முடித்துவிட நினைக்கிறேன். முடியுமா?
— திருப்பூர் வாசகர்

முடியும். பந்தயத்துக்குப் பழகிய இளைஞர்கள் மதியச் சாப்பாட்டுக்கே மூணாறு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் நீங்கள் துணிமணியும் கருவிகளும் கட்டிக்கொண்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் மிதிக்க வேண்டியவராகப் போகிறீர்கள் என்றால், கிலோமீட்டர் என்ற அளவுகோலைப் போடியிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மலையில் ஒரு நாளின் நீளத்தைத் தீர்மானிப்பது தொலைவு அல்ல, ஏற்றம்.

போடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,350 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. ஆக முதல் 26 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற வேண்டும். அதிலும் மலையடிவாரத்து முந்தல் வரை உள்ள சாலை பெரிய ஏற்றமில்லாமல் போய்விடுவதால், அந்த 1,000 மீட்டரும் 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கடைசி 20 கிலோமீட்டரில்தான் குவிந்து கிடக்கிறது. சராசரியாக 100 மீட்டர் நகர்ந்தால் 5 மீட்டர் உயர்வு என்பது காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். சுமையோடு மணிக்கு ஆறரைக் கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணிநேரம் இடைவிடாமல் அதை மிதிக்கும்போதுதான் 5 என்ற எண்ணின் கனம் விளங்கும்.

என் சொந்தக் கணக்கு இது: சுமையோடு ஏறும்போது ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 20 நிமிடம் வைத்துக்கொள்வேன். தண்ணீர் குடிப்பது, மூச்சு வாங்க நிற்பது, வளைவில் நின்று கீழே தெரியும் போடியைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் போடிமெட்டுக்கே மூன்றரை மணிநேரம் போய்விடுகிறது. அங்கே ஏறி முடித்தாயிற்று என்று நினைத்தால் அதுதான் ஏமாற்றம். சாலை பூப்பாறைக்குக் கீழே இறங்கி, அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பின்பு ஆனையிறங்கல் அணைப் பக்கமாகப் பெரியகானல், கேப் ரோடு, தேவிகுளம் என்று மறுபடியும் பல நூறு மீட்டர் ஏற்றுகிறது. களைத்த கால்களோடு இரண்டாவது ஏற்றத்தைத் தொடங்குகிற நேரம் பிற்பகல் மூன்று மணியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் கேப் ரோட்டில் மூடுபனி இறங்கத் தொடங்கும். நான் முதல் நாள் இரவு பூப்பாறையில் படுத்ததற்குக் காரணம் அதுவே தவிர, சோம்பல் அல்ல. சோம்பலும் கொஞ்சம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது 12 ஆண்டு பழைய 21 கியர் சைக்கிள். நண்பர்கள் எல்லோரும் மெல்லிய டயர் கொண்ட புதிய ரோடு பைக் வாங்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?
— கரூர் வாசகர்

வாங்காதீர்கள். உங்கள் பழைய சைக்கிளைக் குனிந்து பாருங்கள். முன்பக்கம் மூன்று பல்சக்கரங்கள் இருக்கும். அவற்றில் சிறியதற்கு 24 பற்களோ 28 பற்களோ இருக்கலாம். பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 28 பற்கள். முன்னால் 24, பின்னால் 28 என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் முக்கால் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகத்தான் சுற்றும். சைக்கிள் ஒன்றே முக்கால் மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் வேகம் மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர். சுமையோடு ஏறுகிறவருக்கு வேண்டிய வேகம் ஏறக்குறைய அதுதான்.

நண்பர்கள் சொல்லும் ரோடு பைக்குகள் பலவற்றில் முன்பக்கத்துச் சிறிய சக்கரத்துக்கு 34 பற்கள், பின்பக்கத்துப் பெரியதற்கு 28 பற்கள் என்றிருக்கும். அதே 60 சுற்றுக்கு அது உங்களை மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் இழுத்துப் போகப் பார்க்கும். செங்குத்தான வளைவில் அந்த வேகத்துக்கு உங்கள் கால் உடன்படாதபோது சுற்று 40ஆகக் குறையும், முழு எடையும் முழங்காலில் விழும், மூன்றாம் நாள் காலையில் லாட்ஜ் படிக்கட்டில் இறங்கும்போது அது உங்களுக்குத் தெரியவரும். விலை உயர்ந்த சைக்கிளில் வந்து போடிமெட்டு ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கடந்து போனவர்களில் ஒருவர் பால் கேனைக் கேரியரில் கட்டிய உள்ளூர்க்காரர். அவர் அடுத்த திருப்பத்திலேயே வீட்டுக்குப் போய்விட்டார் என்பது வேறு விஷயம்.

கடன் வாங்க நினைத்த தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்துச் சைக்கிளை முழுதாகப் பிரித்து ஓவராயில் செய்துகொள்ளுங்கள். பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, செயினையும் ப்ரீவீலையும் (பின்பக்கத்துப் பல்சக்கரத் தொகுதி) சேர்த்து மாற்றி, பிரேக் கேபிள், கியர் கேபிள் நான்கும் புதிதாகப் போட்டால் போதும். செயினை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த பழைய ப்ரீவீலை அப்படியே விட்டால், ஏற்றத்தில் அழுத்தும்போது செயின் பல் மீது ஏறித் தாவும். சமவெளியில் சோதித்துப் பார்க்கும்போது இது தெரியாது. மெக்கானிக்கிடம் ஒரு முறை மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருவேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஏறுவதற்குப் பயமில்லை. இறங்குவதை நினைத்தால்தான் கை நடுங்குகிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு முறை பிரேக் பிடிக்காமல் போய் மண்மேட்டில் விழுந்தேன். எப்படித்தான் இறங்குவது?
— சேலம் வாசகி

இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. மற்ற எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஏற்றத்தில் தவறு செய்தால் களைப்பு வரும், அவ்வளவுதான்.

நீங்களும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றல் ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம். அதைக் கொண்டு மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் விரல் நீளமுள்ள நான்கு ரப்பர் கட்டைகளுக்கும் இரண்டு அலுமினிய ரிம்களுக்கும் இடையில் வெப்பமாக மாற வேண்டும். எவ்வளவு மெதுவாக, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குகிறோமோ, அவ்வளவு அதிகமான பங்கு பிரேக்கின் தலையில் விழுகிறது. பயந்தவர்களின் பிரேக்தான் முதலில் சூடாகிறது என்ற விபரீதம் இதனால்தான்.

என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே சாலையில் எதிர்த்திசையில், மூணாறிலிருந்து போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் முன் டியூபில் பஞ்சர் ஆகி, வழியில் ஒரு கடையில் ஒட்டுப் போட்டிருந்தேன். போடிமெட்டிலிருந்து பாதி தூரம் இறங்கும்வரை இரண்டு பிரேக்கையும் விடாமல் அழுத்திப் பிடித்தபடியே வந்தேன். அப்போது எனக்கு அதுதான் எச்சரிக்கை என்று பட்டது. ஒரு வளைவைத் தாண்டியதும் முன்சக்கரத்திலிருந்து பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது, ஹேண்டில்பார் வாழைமட்டைபோலத் துவண்டது. வேகம் குறைவாக இருந்ததால் காலை ஊன்றி நின்றுவிட்டேன். டயரைக் கழற்றலாம் என்று ரிம்மைத் தொட்டவன் தோசைக்கல்லைத் தொட்டதுபோல விரலை உதறினேன். ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தபோது டியூபில் ஓட்டை ஏதும் இல்லை. ரிம்மின் சூட்டில் சொல்யூஷன் இளகி, ஒட்டு மட்டும் ஓரமாக வழுக்கிப் போயிருந்தது. ஒட்டியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தவறு என் கைகளுடையது. அன்றிலிருந்து பெரிய இறக்கத்துக்கு முன்பு ஒட்டுப் போட்ட டியூபை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. வளைவுக்கு முன்னால் உள்ள நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து, வேகத்தை நீங்கள் விரும்பும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, வளைவுக்குள் நுழையும்போது பிடியைத் தளர்த்திவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பதறிப் பிரேக் பிடிப்பதுதான் சக்கரத்தை வழுக்க வைக்கிறது. உடலைச் சீட்டின் பின்பக்கமாகத் தள்ளிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கக் கால் கீழே, உட்பக்கப் பெடல் மேலே. கண் முன்சக்கரத்தின் அடியில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு வளைவுகளுக்கு நடுவே சாலை நேராகவும் காலியாகவும் இருக்கும்போது பிரேக்கை முழுவதும் விட்டு, ரிம்மின் மேல் காற்றுப் பட விடுங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒரு முறை ஓரமாக நின்று, ரிம்முக்கு அருகே விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். டிஸ்க் பிரேக் என்றால் ஒட்டு உருகும் தொல்லை இல்லை; ஆனாலும் தட்டு சூடாகும், உள்ளே உள்ள கட்டை தேயும். இரண்டு வகையானாலும் ஒரு ஜோடி மாற்றுக் கட்டை பையில் இருக்கட்டும், அதை மாற்றும் ஆலன் சாவியோடு.

மழை பெய்துவிட்டால் ரிம் பிரேக் முதல் இரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்கும் வேலையைத்தான் செய்யும். அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். ஏற்காட்டில் உங்களுக்கு நேர்ந்தது அதுவாகவும் இருக்கலாம்.

எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியன். தினமும் 20 கிலோமீட்டர் மிதிக்கிறேன். போகலாமா?
— விருதுநகர் வாசகர்

மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் காட்டி, மலையில் பல மணிநேரம் மிதிக்கப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, அவர் சம்மதித்தால் போகலாம், ஐயா. ஐந்து நாளை ஏழு நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் போடிமெட்டோடு நிறுத்திவிடுங்கள். பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்கும்வரை வேகம் சரி. வகுப்பில் பாடம் நடத்தியவருக்கு இந்த அளவுகோல் எளிது: ஒரு வெண்பாவை மூச்சு முட்டாமல் சொல்லி முடிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு மலைப்பாதை இருக்கிறதே. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த வழியாக ஏறிவிட்டால் மூணாறு சுற்றுப்பாதை மிச்சமாகுமே?
— தேனி கல்லூரி மாணவர்

வேண்டாம், தம்பி. அது காட்டுக்குள் போகும் நடைபாதை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாத இடம். 2018 மார்ச் மாதத்தில் அந்த மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போயிருந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதக் காலும் ஈடுகொடுக்காது, தோளில் 15 கிலோ சைக்கிள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் மூணாறின் தேயிலை இறங்கியது அந்தப் பக்கமாகத்தான். 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போடப்பட்டது; 1908இல் அது இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாறியது. ரயில் வந்து நிற்கும் உச்சி நிலையம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மலையுச்சியில் தங்கிவிட்டது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலைவழியே 32 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளை ஒட்டிப் போகும் அந்தச் சாலையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால், சுமையை விடுதியில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் போய்வர ஏற்ற நாள் அது. ரயில் ஏறிய பள்ளத்தாக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மிதித்தால் ஏற்றம் ஏன் அங்கே இவ்வளவு இதமாக இருக்கிறது என்பது புரியும். மாடும் சிறு இன்ஜினும் இழுக்கக்கூடிய சரிவைத் தேடித்தான் அன்று வழி போட்டிருப்பார்கள்.

யானை வந்தால் என்ன செய்வது? சின்னாறு வழியாகச் சைக்கிளை விடுகிறார்களா?
— கோயம்புத்தூர் வாசகர். இதையே மேலும் பலர் கேட்டிருக்கிறார்கள்

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மறையூரைத் தாண்டியதும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். எல்லையைக் கடந்தால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். இரண்டிலும் செக்போஸ்ட் உண்டு. சைக்கிளை விடுவதும் விடாததும் அன்றைக்கு யானைகள் சாலையோரம் நிற்கின்றனவா என்பதையும் பணியில் இருப்பவரின் முடிவையும் பொறுத்தது. அவர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். நான் போன அன்று விடவில்லை. உடுமலைக்குப் போன காய்கறி ஜீப் ஒன்றில் சைக்கிளை ஏற்றிக் காட்டைத் தாண்டி இறங்கி, மீதியை மிதித்தேன். சென்ற இதழில் ‘உடுமலை வரை சைக்கிளில்’ என்று எழுதியதில் இந்தச் சில கிலோமீட்டர்கள் அடங்காது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

யானையைப் பொறுத்தவரை, சைக்கிளின் பெரிய குறை அதன் சத்தமின்மை. மோட்டார் வண்டி வருவதை விலங்கு முன்கூட்டியே கேட்டு விலகிவிடும். சைக்கிள் வளைவில் திடீரென்று அதன் முன்னால் போய் நிற்கும். ஆகவே பார்வை மறையும் வளைவுகளில் பெல்லை அடித்துக்கொண்டே போங்கள். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் காட்டுச் சாலையில் இருக்காதீர்கள். தொலைவில் யானை தெரிந்தால் அங்கேயே நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, பின்னால் பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். படம் எடுப்பதற்காக இன்னும் பத்தடி முன்னால் போகிறவர்களுக்கு என்னிடம் அறிவுரை ஏதும் இல்லை.

யானைகள் காட்டுக்குள் மட்டும்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சின்னக்கானல், ஆனையிறங்கல் வட்டாரத்தில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய ஒற்றை யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர் வந்தது. ‘அரி’ என்றால் மலையாளத்தில் அரிசி. 2023 ஏப்ரலில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் அது மலையிறங்கிக் கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. ஜூன் மாதம் தமிழக வனத்துறை மறுபடியும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டது. அது போய்விட்டாலும் மற்ற யானைகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. பையில் வாழைப்பழமும் வெல்லமும் வைத்துக்கொண்டு அங்கே கூடாரம் அடிக்க நினைக்கும் வாசகர்கள் (இருவர் எழுதியிருக்கிறார்கள்) தயவுசெய்து அறை எடுத்துத் தங்கவும்.

என்னைக் கேட்டால், அந்தப் பாதையில் யானையைவிட அன்றாட ஆபத்து ஜீப்புகள். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் மேலே போகும். மாலையில் அதே ஜீப்புகள் வீடு திரும்பும் அவசரத்தில் கீழே வரும். ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம் என்பதால் வேகத்தைக் குறைப்பதில்லை. காலையில் அவை போய் முடிந்த பிறகு, ஏழரை மணிவாக்கில் முந்தலைத் தாண்டுங்கள். வெயில் சற்று ஏறியிருக்கும், பாதகமில்லை.

பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் போக நினைக்கிறோம். சென்னையிலிருந்து சைக்கிள்களை எப்படிக் கொண்டுபோவது?
— சென்னை வாசகர்

மே மாதத்தில் மூணாறுச் சாலை முழுவதும் கார்களால் நிரம்பியிருக்கும். போடி ஏற்றத்தில் வெயில் பாறையிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மண்சரிவு என்பது அங்கே வெறும் செய்தி அல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பின் மீது மலை சரிந்தது. கேப் ரோட்டிலும் பெரும் சரிவுகள் ஏற்பட்டிருக்கின்றன. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை போடிப் பக்கத்து மலையை நனைக்கும். ஆக மிஞ்சுவது பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள வார நாட்கள். ஜனவரி விடியலில் மூணாறில் புல்மேல் உறைபனி படியும், கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்குறிஞ்சிக்காகக் காத்திருப்பவர்களுக்கு: 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030.

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010இல் மூடப்பட்டு, 2023 ஜூனில் அகலப்பாதையாகப் போடிவரை திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் நேரடி ரயிலும் வந்தது. சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. பயணச்சீட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். நான் போடிவரை பதிவதில்லை, மதுரையிலேயே இறக்கிக்கொள்கிறேன். பெரிய நிலையத்தில் சரக்கு இறக்க ஆளும் நேரமும் இருக்கும். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் தொங்கும் பக்கத்தில் அட்டையைக் கட்டி, பெயரும் நிலையமும் எழுதிய இரண்டு சீட்டுகளை வெவ்வேறு இடத்தில் கட்டுங்கள். ஒரு சீட்டு கட்டினால் அது எப்போதும் கிழிந்துபோகும் என்பது என் அனுபவம். ரயில் புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணிநேரம் முன்பே நிலையத்தில் இருங்கள்.

தங்கையும் நானும் இருவராக மட்டும் போக விரும்புகிறோம். தங்குமிடம், மொழி, பாதுகாப்பு எப்படி? என்ன சாப்பிடுவது என்பதையும் எழுதுங்கள்.
— மதுரை வாசகி

மொழி ஒரு பொருட்டே இல்லை. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பூப்பாறை முதல் மறையூர்வரை டீக்கடையிலும் பஞ்சர் கடையிலும் தமிழிலேயே பேசலாம். தங்குமிடத்தை முன்னதாகவே தொலைபேசியில் உறுதி செய்து, சைக்கிளை அறைக்குள் அல்லது பூட்டிய வராந்தாவில் வைக்க இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஓர் ஊரில் என்னிடம் ‘எல்லாம் உண்டு’ என்று சொல்லிவிட்டு, போனதும் தெருவோர மின்கம்பத்தைக் காட்டினார்கள். மாலை நான்கு மணிக்குள் அறைக்குப் போய்ச் சேரும்படி ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொண்டால் பாதுகாப்பைப் பற்றிய கவலையில் பெரும்பகுதி குறையும். பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் இடையே கடைகள் தொலைவாகத்தான் வரும். மலைத்திருப்பங்களில் கைப்பேசிக்கு சிக்னல் அடிக்கடி போய்விடும். ஆகவே புறப்படும்போதும் சேரும்போதும் வீட்டுக்குச் சொல்லுங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற தொலைவிலேயே ஓட்டுங்கள். ஏற்றத்தில் வேகமானவர் பின்னால் வருவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஊட்டச்சத்துப் பொட்டலங்களைத் தேடி அலைய வேண்டாம். காலையில் இட்லியோ புட்டோ வயிறார. பிறகு பசிப்பதற்கு முன்பே, முக்கால் மணிக்கு ஒரு முறை, ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலை மிட்டாய். பசித்த பிறகு ஏற்றத்தில் சாப்பிடுவது பயன் தராது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வியர்வை உப்பாகக் காய்ந்து சட்டையில் கோடு விழுந்தால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு.

மறையூரில் மட்டும் ஒரு விதிவிலக்கு. சந்தன மரங்களைக் கம்பிவேலிக்குள் காக்கும் அந்த ஊரில், கரும்புத் தோட்டங்களின் நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் இருக்கின்றன; 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டகை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். சக்கையை எரித்துக் கொதிக்கவிட்ட கொப்பரையிலிருந்து பாகை மரத்தொட்டியில் ஊற்றி, கெட்டியாகும்வரை துழாவி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒருவர் உள்ளங்கையால் உருட்டி உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என் கால்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே, இன்னும் இளகியிருந்த ஓர் உருண்டையை வாழையிலைக் கிழிசலில் வைத்து நீட்டினார். சூட்டில் விரலில் ஒட்டிய வெல்லம் ஹேண்டில்பாரிலும் ஒட்டிக்கொண்டு, மறுநாள் அதில் எறும்பு வந்தது.

பாதி வழியில் முடியவில்லை என்றால்?
— பெயர் எழுதாத வாசகர்

பேருந்தில் ஏறிவிடுங்கள். போடி–மூணாறு, மூணாறு–உடுமலை இரண்டு வழியிலும் பேருந்துகள் ஓடுகின்றன. சைக்கிளை ஏற்ற நடத்துநர் சம்மதிக்காவிட்டால், காலியாகத் திரும்பும் சரக்கு ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி, கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் ஓட்டுநர்கள் கேள்வி கேட்காமல் நிறுத்துகிறார்கள்.